பாதியில் நின்ற சாட்சி

“உனக்கு ஒரு பொணம் வேணும், ஜோலீன்” என்றார் ஹார்லன், டிரெட்மில்லில் நடந்தபடியே. “நாங்க யாரும் சாக மாட்டேங்கிறோம். அதான் உன் பிரச்சினை.”

பக்கத்து டிரெட்மில்லில் இருந்த கர்ட் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். “நீ ஒருத்தன் போதுமேய்யா. இப்பவே விழுந்து தொலை. அவளுக்கு ஒரு உபகாரம் பண்ணின மாதிரி இருக்கும்.”

“நான் விழுந்தா இவ விடுவாளா? தூக்கி நிறுத்திடுவா. அப்புறம் அதுவும் கணக்குல வராது.”

ஜோலீன் என் அம்மா. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருடைய இதயங்களும் அதில் பச்சைக் கோடுகளாக ஓடின. “வாய் பேசற அளவுக்குத் தெம்பு இருக்கில்ல, வேகத்தைக் கூட்டட்டுமா?” என்று கேட்டாள். ஹார்லன் உடனே வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவரோரம் நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒரே கார். அம்மா வேலை முடியும் நேரத்துக்கு நான் அதை ஓட்டி வந்து காத்திருப்பேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் வேலை.

ஹார்லன் சொன்னது வேடிக்கை இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அம்மா எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட். மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவர்கள் எல்லாம் ஹோல்ட்மன் ஊர் ஆஸ்பத்திரியில் அவளிடம்தான் வருவார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டி, மெதுவாக நடக்க வைத்து, சைக்கிள் மிதிக்க வைத்து, படியேறினால் செத்துவிடுவோம் என்ற பயத்தை அவர்களிடமிருந்து எடுப்பாள். அதற்காக ஆறு வருடம் படித்திருக்கிறாள். ஆனால் எங்கள் மாநிலத்தில் அந்தப் படிப்புக்கு உரிமம் கிடையாது. நர்சுக்கு உண்டு, பிசியோதெரபிஸ்டுக்கு உண்டு, முடி வெட்டுகிறவருக்கு உண்டு. அம்மாவின் பெயருக்குப் பின்னால் வருகிற பட்டத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். நாளைக்கு நானே அடித்துக்கொண்டாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது.

இத்தனை வருடம் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முந்தின இலையுதிர்காலத்தில் நகரத்து நிறுவனம் ஒன்று ஆஸ்பத்திரியை வாங்கியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நல்ல ஷூ போட்ட இருவர் வந்தார்கள். மார்ச் மாதம் முதல் உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் நோயாளியைத் தொடலாம் என்றார்கள். அம்மா தன் சான்றிதழ்களைக் காட்டினாள். “ரொம்ப நல்லாருக்கு. ஆனா இது மாநிலம் கொடுத்தது இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அதனால் அந்தப் படிப்புக்கு உரிமம் கொடுக்கச் சொல்லும் மசோதா சட்டசபையில் தேறினால்தான் அம்மாவுக்கு வேலை. இல்லையென்றால் இல்லை.

மசோதா புதிதல்ல. மாநிலம் முழுவதும் அம்மாவைப் போன்ற ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை அதைச் சட்டசபைக்குக் கொண்டுபோய் இரண்டு தடவையும் அதை முதலில் விசாரிக்கும் குழுவிலேயே தோற்றிருந்தார்கள். குழு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். உரிமம் இல்லாததால் இதுவரை யாருக்கு என்ன தீங்கு நடந்தது? தீங்கைக் காட்டினால் உரிமம். அதுதான் அவர்கள் வழக்கம். அம்மாவும் அவள் சகாக்களும் தங்களிடம் வந்தவர்கள் பிழைத்த கதைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். உறுப்பினர்கள் அன்பாகக் கேட்டுக்கொள்வார்கள். “எல்லாம் நல்லாத்தானே நடக்குது, அப்புறம் எதுக்கு?” என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தடவை மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் ஆல்வின் ரீட்ஸ். பைபாஸ் முடிந்து அம்மாவிடம் நடை பழகியவர். அவரே போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

“ஜோலீன், இந்தத் தடவை புள்ளிவிவரம் ஒண்ணும் வேண்டாம். யாராவது ஒருத்தர் மைக் முன்னாடி உக்காந்து, என் வீட்டுல இப்படி நடந்துச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“சொல்றதுக்கு எங்ககிட்ட யாரும் சாகலையே, ஆல்வின்.”

“உங்ககிட்ட வேண்டாம். பேரை மட்டும் வச்சுக்கிட்டு கடை போட்டிருக்கானுங்களே, அவனுங்ககிட்ட?”

அம்மாவின் கத்தி நின்றது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படி ஒருவர் இருந்தார்.

*

வெர்னீஸ் வீடு ஊர் எல்லையில், தானியக் களஞ்சியத்துக்கு அந்தப் பக்கம். அவருடைய கணவர் டெல்மர் முந்தின வருடம் இறந்தார். அதற்கு முன் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் சில வாரம் வந்தார். பிறகு நிறுத்திவிட்டார். வெர்னீஸின் தங்கை மகன் ரிக்கி, மூடிப்போன வீடியோ கடையை வாடகைக்கு எடுத்து உடற்பயிற்சி நிலையம் திறந்திருந்தான். இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, அட்டையில் அம்மாவின் பட்டத்தையே அச்சடித்துக்கொண்டான். சொந்தக்காரப் பையன், பக்கத்திலேயே இருக்கிறது என்று டெல்மர் அங்கே போனார். ஒரு நாள் சைக்கிளிலிருந்து இறங்கியவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வெர்னீஸ் எங்களுக்குக் காபியும், எலுமிச்சை போட்ட இனிப்புத் துண்டுகளும் வைத்தார். அம்மா வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மேசை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ரிக்கி நல்ல பையன்” என்றார்.

“தெரியும்.”

“சவப்பெட்டியை அவன்தான் தூக்கினான். முன்னாடி வலது பக்கம்.”

“நானும் வந்திருந்தேன், வெர்னீஸ்.”

“சர்ச்சுல என் தங்கச்சி டோரிஸ் என் பக்கத்து பெஞ்சுலதான் உக்காருவா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நான் சட்டசபைக்குப் போய் அவ மகன் பேரைச் சொல்லிட்டு எங்க போய் உக்கார்றது? கத்தோலிக்கக் கோயில்லயா?”

அம்மா சிரிக்கவில்லை. “அவன் பேரைச் சொல்ல வேண்டாம். நடந்ததை மட்டும் சொன்னா போதும்.”

“இந்த ஊர்ல நடந்ததைச் சொன்னாலே பேரைச் சொன்ன மாதிரிதான்.” அவர் என் பக்கம் திரும்பினார். “நீ ஏன் ஒண்ணுமே சாப்பிடல? பள்ளிக்கூடம் போறியா?”

“இல்ல.”

“ம். சாப்பிடு.”

திரும்பி வரும்போது அம்மா, “நான் கேட்டிருக்கக் கூடாது” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

பத்து நாள் கழித்து வெர்னீஸே போன் செய்தார். மளிகைக் கடைக் கதவில் ரிக்கியின் புது விளம்பரம் ஒட்டியிருந்ததாம். பக்கத்து ஊரிலும் ஒரு கிளை திறக்கிறானாம். விளம்பரத்தில் சைக்கிள் மேல் உட்கார்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பது டெல்மர்.

“அவன் வேணும்னு பண்ணல” என்றார் வெர்னீஸ். “பழைய படம். மாத்த மறந்திருப்பான். அவனுக்கு மறதி ஜாஸ்தி. சின்ன வயசுலேர்ந்தே. டெல்மர் போனதுக்கப்புறம் நான் தலைநகரத்துக்கு போன் பண்ணினேன், ஜோலீன். உன்கிட்ட சொல்லல. யார்கிட்ட புகார் கொடுக்கிறதுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ரொம்பத் தன்மையாத்தான் பேசினா. இந்த வேலைக்கு லைசென்ஸே கிடையாதுங்கம்மா, அதனால புகார் வாங்கறதுக்கும் ஆள் கிடையாதுன்னா.”

“வர்றீங்களா?”

“எழுதியெல்லாம் தர மாட்டேன். எழுதினா அது பேப்பர்ல வரும். வாயால சொல்றேன். ஒரு தடவை.”

*

பிப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். நான் ஓட்டினேன். முன்னால் வெர்னீஸ், பின்னால் அம்மாவும் ஹார்லனும். ஹார்லனும் பேசுவதாக இருந்தார். பிழைத்தவர் ஒருவரும் வேண்டும் என்று ரீட்ஸ் சொல்லியிருந்தார். சாலையின் இரண்டு பக்கமும் வெட்டின சோளத்தட்டைகள் பனிக்குள்ளிருந்து குத்திக்கொண்டு நின்றன.

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். அதனால் அம்மா வெர்னீஸைச் சொல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் மளிகைச் சாமான் சொல்வது மாதிரி உணர்ச்சியே இல்லாமல் சொன்னார். அன்று டெல்மருக்குத் தாடை வலித்தது. ரிக்கியிடம் சொன்னார். பல்லாக இருக்கும், இன்னும் ரெண்டு நிமிஷம் மிதிங்க பெரியப்பா என்று அவன் சொன்னான். தாடை வலி மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டெல்மர் மிதித்தார்.

“அவ்வளவுதான்” என்றார் வெர்னீஸ். “இதுக்கு மூணு நிமிஷம் எதுக்கு?”

“எனக்கு மூணு நிமிஷம் பத்தாது” என்றார் ஹார்லன். “என் ஆபரேஷன்லேர்ந்து ஆரம்பிச்சா...”

“உங்க ஆபரேஷன் வேண்டாம் ஹார்லன். பிழைச்சதை மட்டும் சொல்லுங்க.”

“ஆபரேஷன் இல்லாம எப்படிம்மா பிழைக்கிறது?”

கார் நிறுத்துமிடத்திலிருந்து சட்டசபைக் கட்டடம் கொஞ்சம் தூரம். காற்று முகத்தில் அடித்தது. பாதி வழியில் வெர்னீஸ் நின்று, குதிரை மேல் இருந்த ஏதோ ஒரு ஜெனரலின் சிலையைப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அம்மாவும் நின்றாள்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க, வெர்னீஸ்?”

“ஓட்ஸ்... கொஞ்சம்... ஆப்பிள்.”

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது அவர்கள் தொழிலில் முதல் பாடம். நடக்கிறவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடித்தால் பரவாயில்லை. முடிக்க முடியவில்லையென்றால் நிறுத்த வேண்டும், யாராக இருந்தாலும், என்ன அவசரமாக இருந்தாலும். அம்மா இதை யோசித்துச் செய்வதில்லை. சர்ச்சில் கை கொடுக்கும்போதும், கடையில் வரிசையில் நிற்கும்போதும் அவள் மற்றவர்களுடைய வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள்.

“குளிர்தான்” என்றார் வெர்னீஸ், இந்தத் தடவை ஒரே மூச்சில். “என்னையே பாக்காத. நட.”

நடந்தோம். அம்மா வேகத்தைக் குறைத்து, ஷூ லேஸ் அவிழ்ந்தவள் மாதிரி பின்தங்கி நடந்தாள். வெர்னீஸும் அவளுக்காகக் காத்திருப்பது போல மெதுவாக நடந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

*

அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. குழு உறுப்பினர்கள் வளைவான மேசைக்குப் பின்னால் உயரத்தில் இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் தேனீப் பெட்டிகளைப் பற்றி ஒரு மசோதா. அது வெகுநேரம் ஓடியது. ஒரு உறுப்பினர் போனில் பேரக் குழந்தையின் படத்தைப் பக்கத்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பேசுகிறவர் முன்னால் நேரம் காட்டும் சின்ன விளக்கு ஒன்று. பச்சை, மஞ்சள், சிவப்பு.

அம்மா முதலில் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். தலைவர் வெள்ளை மீசை வைத்த ஒருவர், விவசாயி போலக் கைகள். அவர் கேட்டார்:

“உங்க பிரிவுல இதுவரைக்கும் யாருக்காவது பாதிப்பு உண்டா, மேடம்?”

“இல்லைங்க.”

“பாராட்டணும்” என்றார் அவர், நிஜமாகவே.

அடுத்து ஹார்லன். சர்ச்சுக்குப் போடுகிற டையைக் கட்டியிருந்தார். ஆபரேஷனிலிருந்துதான் ஆரம்பித்தார். மஞ்சள் விளக்கு வந்ததும் பதறி, அம்மாவைக் கையால் காட்டினார். “சுருக்கமா சொல்லிடறேன். இதோ இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் இல்ல. இந்த மாநிலத்துலேயே இவளை மாதிரி ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடையாது.”

மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் வக்கீல், இது தங்கள் வேலைதான் என்று மசோதாவை எதிர்த்த பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்துக்காக வந்தவர், சிரிக்காமல், எதையோ குறித்துக்கொண்டார். ஹார்லனுக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை. திருப்தியோடு வந்து உட்கார்ந்து, “எப்படி?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அம்மாவிடம் வருகிறவர்கள் எல்லோரும் வருடக்கணக்காக அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிலர் நர்ஸ் என்பார்கள். அம்மா யாரையும் திருத்தியதில்லை. நெஞ்சு வலியோடு வந்தவர்களிடம் போய் என் பட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது?

பிறகு வெர்னீஸ்.

அம்மாவும் கூடப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு அனுமதி உண்டு. விளக்கு பச்சையாக மாறியது. வெர்னீஸ் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். “என் வீட்டுக்காரர் டெல்மர்...” என்று ஆரம்பித்ததும் குரல் காரில் இருந்த குரலாக இல்லை.

போனைப் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் நிமிர்ந்தார். தலைவர் முன்னால் சாய்ந்தார். ரீட்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். அந்த அறையில் அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அந்த நிமிடம் மசோதா தேறிவிடும் என்று நான் நம்பினேன். அம்மாவும் நம்பியிருப்பாள்.

“அன்னிக்கு அவருக்குத் தாடை வலிச்சுது” என்றார் வெர்னீஸ். “அவர் சொன்னார்... அவன்கிட்ட... சொன்னார். அவன்...”

அழுகிறார் என்றுதான் மேசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மட்டும் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன்... இன்னும்...” என்றார் வெர்னீஸ். மூச்சை இழுத்தார். “இன்னும்...”

அம்மாவின் கை வெர்னீஸின் மணிக்கட்டுக்குப் போனது. “போதும்” என்றாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். “நிறுத்துங்க. பேச வேண்டாம். என்னைப் பாருங்க. மூக்கால இழுங்க. மெதுவா. வாயால விடுங்க.”

வெர்னீஸ் தலையை அசைத்து மைக்கைக் காட்டினார். அம்மா இன்னொரு கையால் மைக்கை நகர்த்திவிட்டாள்.

விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. அம்மா வெர்னீஸின் கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள், ஆம்புலன்ஸ் கூப்பிடும்படி வாசலில் நின்ற காவலரிடம் சொன்னாள், கையில் வலி இருக்கிறதா, முதுகில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெர்னீஸ் தலையாட்டி மட்டும் பதில் சொன்னார். அவருடைய கண்கள் மட்டும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது தலைவர் எழுந்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். அவர் அம்மாவைப் பார்த்து, மனதாரச் சொன்னார்:

“மேடம், நாங்க எல்லாரும் இப்ப பாத்தோம். இவ்வளவு நல்லா ஒரு வேலையைச் செய்யறதுக்கு உங்களுக்கு எங்ககிட்டேர்ந்து ஒரு காகிதம் தேவையே இல்ல.”

அம்மா சக்கர நாற்காலி பின்னாலேயே போய்விட்டாள்.

ஹார்லனும் நானும் மிச்சத்தைக் கேட்டோம். அந்தப் பெண் வக்கீல் மரியாதையாகவே பேசினார். சாட்சி சொல்ல வந்தவருக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார். மற்றபடி, உரிமம் இல்லாததால் தீங்கு நடந்ததாக இந்தக் குழுவின் முன் எந்த ஆதாரமும் வைக்கப்படவில்லை என்றார். அது உண்மை. ஓட்டெடுப்பு நடக்கவில்லை. தலைவர் மசோதாவை ஒத்திவைத்தார். அங்கே ஒத்திவைப்பது என்றால் புதைப்பது.

தாழ்வாரத்தில் ரீட்ஸ் என்னிடம் வந்தார். “அம்மாகிட்ட சொல்லு, அடுத்த வருஷம் கண்டிப்பா...” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு அடுத்து ஒரு பாலம் விஷயமாகக் கூட்டம் இருந்தது.

“நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?” என்று ஹார்லன் கேட்டார். கார் வரை வந்தும் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்ல” என்றேன்.

*

வெர்னீஸின் இரண்டு குழாய்கள் அடைத்திருந்தன. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். வெர்னீஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏன் நிறுத்தின?”

“உங்க உதடு நீலமாயிடுச்சு, வெர்னீஸ்.”

“இன்னும் ஒரு வரிதான் பாக்கி. ஒரே ஒரு வரி. எனக்குத் தெரியும், நான் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பீங்க.”

“அப்புறம் செத்தா செத்துட்டுப் போறேன். நீதானே ஒரு ஆள் வேணும்னு கேட்ட?”

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்னால முடியல” என்றாள்.

“உனக்கு வேலையும் போச்சு. எனக்கு டோரிஸும் போயாச்சு. காலையில போன் பண்ணினா. அங்க என்ன சொன்னேன்னு கேட்டா. ஒண்ணும் சொல்லலன்னேன். நம்பல. சொல்லப் போனியா இல்லையான்னா. போனேன்னேன். வச்சுட்டா.” வெர்னீஸ் திரும்பினார். “முழுசா சொல்லியிருந்தா இதுக்கு ஒரு அர்த்தமாவது இருந்திருக்கும்.”

பிறகு அம்மாவிடம், அன்று வேறு மாதிரி செய்திருக்க முடியுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். “முடியாது” என்றாள். பிறகு, “அதுதான் கஷ்டம்” என்றாள். வேறு மாதிரி செய்ய முடிகிற ஆளாக இருந்திருந்தால், அந்தப் பட்டத்தை வைத்திருக்கவே அவளுக்குத் தகுதி இருந்திருக்காது.

ரிக்கியின் பக்கத்து ஊர்க் கிளை சொன்ன தேதியில் திறந்தது. மளிகைக் கடைக் கதவில் இருந்த விளம்பரத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். புதியதில் படமில்லை, பட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

*

பிப்ரவரி கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஒரு கேக் வெட்டினார்கள். உப்பில்லாத, கொழுப்பில்லாத கேக். அவளே வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த முறை. கர்ட், “இவ்வளவு மோசமா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குழு முன்னாடி வந்து, தீங்கு இதுதான்னு சொல்லியிருப்பேன்ம்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லன் வரவில்லை.

இப்போது அம்மா விவசாயப் பொருள் கடையில் வேலை செய்கிறாள். நாய்த் தீனி, வேலிக் கம்பி, கோழிக்குஞ்சுகளுக்கான விளக்கு. மூட்டை தூக்குகிறவர்களிடம் முதுகை வளைக்காமல் தூக்குங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். மேலாளர் கூப்பிட்டு, அப்படி யோசனை சொன்னால் கடைக்குப் பொறுப்பு வந்துவிடும், வேண்டாம் என்றார்.

வெர்னீஸை அம்மா வேலை பார்த்த அதே இதயப் பிரிவுக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவரைக் கூட்டிப்போக யாருமில்லை. முன்பு அப்படி எதற்கும் டோரிஸ்தான் வருவார். அதனால் நாங்கள் போகிறோம். அம்மா விடுமுறை நாட்களை அதற்கேற்ற மாதிரி வாங்கிக்கொண்டாள். நான் ஓட்டுகிறேன். வெர்னீஸை வாசலில் இறக்கிவிடுவோம். உள்ளே காத்திருப்பவர்களுக்கு நாற்காலிகள் உண்டு. அங்கிருந்து கண்ணாடி வழியாக டிரெட்மில்கள் தெரியும். அம்மா ஒரு தடவை மட்டும் அங்கே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு காரிலேயே இருக்கிறாள், கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு.

அம்மா இடத்துக்கு வந்த புது நர்ஸ் நல்லவர்தான். தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரி ஒரே நேரத்தில் ஆறு பேரை அவரிடம் விட்டிருந்தது.

போன வாரம் வெர்னீஸ் வந்து முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் வண்டியைக் கிளப்பினேன். அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

“எப்படி இருந்துச்சு?”

“நடந்தேன்.”

“எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? ஒரு நம்பர் சொல்லுங்க. ஆறுன்னா சும்மா நாற்காலியில உக்காந்திருக்கிற மாதிரி. இருபதுன்னா அதுக்கு மேல ஒண்ணுமே முடியாது.”

“நீ இங்க வேலை பாக்கல, ஜோலீன்.”

“தெரியும்.”

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, ரயில் கேட்டில் நின்றோம். தானிய வண்டி. அது முடியவே முடியாது. வெர்னீஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பதினேழு.”

அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பதினேழா? அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“கேக்கல.”

“பதினேழு ஜாஸ்தி வெர்னீஸ். உங்களுக்குப் பதிமூணுக்கு மேல போகவே கூடாது. கேக்கலன்னாலும் அடுத்த தடவை நீங்களே சொல்லுங்க. ஜோலீன்னு ஒருத்தி சொன்னான்னு...” என்றவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். யார் அந்த ஜோலீன் என்று அவர்கள் கேட்டால் வெர்னீஸ் என்ன சொல்ல முடியும்? விவசாயக் கடையில் நாய்த் தீனி விற்கிறவள்.

“நீங்க சொல்றதா சொல்லுங்க” என்றாள். “முடியல, குறைக்கணும்னு. உங்க வாயால சொல்லுங்க.”

வெர்னீஸ் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் சொல்லி யாரு கேட்டா?” என்றார்.

கடைசிப் பெட்டி போனது. கேட் உயர்ந்தது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். நான் வண்டியை எடுத்தேன்.